பழைய கணினியிலிருந்து புதியதற்கு: ஒற்றை லேன் கேபிளில் கோப்புகளைக் கொண்டுபோவது எப்படி?

விண்டோஸ் 10-க்குத் தந்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அதையொட்டிப் பல வீடுகளில் புது லேப்டாப் வந்துவிட்டது. பழைய டெஸ்க்டாப் மட்டும் மேசைமேல் அப்படியே நிற்கிறது. அதைத் தூக்கிப்போட மனம் வராது. பத்து வருடப் படங்கள், பிள்ளைகளின் பள்ளி புராஜெக்ட்டுகள், ஸ்கேன் செய்த பத்திரங்கள், அப்பாவின் பென்ஷன் கடிதங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

இவற்றைப் புதியதற்கு மாற்றப் பெரும்பாலானோர் பென்டிரைவைத்தான் எடுப்பார்கள். 300 ஜிபி இருக்கிறது, கையில் 64 ஜிபி பென்டிரைவ் என்றால் குறைந்தது ஐந்து நடை. ஒவ்வொரு நடைக்கும் இரண்டு முறை காப்பி, அதில் ஏற்ற ஒரு முறை, இறக்க ஒரு முறை. பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கல்யாண வீடியோவை ஏற்றுக்கொள்ளவே செய்யாது.

இரண்டு கணினிகளையும் ஒரு லேன் கேபிளால் நேராக இணைத்துவிட்டால் இந்த அலைச்சல் எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் கிகாபிட் போர்ட் (நொடிக்கு 1,000 மெகாபிட் வேகம் தரும் லேன் துளை) இருந்தால் நொடிக்குச் சுமார் 110 எம்பி வரை போகும். அந்த வேகத்தில் 300 ஜிபிக்கு முக்கால் மணி நேரம். பழைய கணினியில் சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் அதனால் அவ்வளவு வேகமாக வாசித்துக் கொடுக்க முடியாது. அப்போதும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் பெரும்பகுதி வந்து சேர்ந்துவிடும்.

இது புதிய யோசனையும் இல்லை. விண்டோஸ் 95-லேயே 'டைரக்ட் கேபிள் கனெக்‌ஷன்' என்று ஒரு வசதி இருந்தது. சீரியல் கேபிளில் நொடிக்கு 1,15,200 பிட், அதாவது ஏறக்குறைய 11 கேபி. 5 எம்பி பாட்டு ஒன்று போய்ச்சேர ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதே வேலையை இன்றைய கேபிள் கிட்டத்தட்ட பத்தாயிரம் மடங்கு வேகத்தில் செய்கிறது.

என்னென்ன வேண்டும்

ஒரு சாதாரண லேன் கேபிள் போதும். பிராட்பேண்ட் மோடத்தோடு பெட்டியில் வந்தது எங்காவது கிடக்கும், அதுவே ஆகும். புதிதாக வாங்குவதானால் 'கேட் 5இ' அல்லது 'கேட் 6' என்று கேட்டு வாங்குங்கள். பக்கத்துப் பக்கத்தில் வைக்கும் கணினிகளுக்கு இரண்டு மீட்டர் தாராளம்.

இரண்டு கணினிகளை நேராக இணைக்க 'கிராஸ் கேபிள்' வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது உண்மைதான். பழைய 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்; எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) கார்டுகளில் அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் மாறியிருக்க வேண்டும் என்பதால், ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடியையும் பச்சை ஜோடியையும் இடம் மாற்றி முனையில் பொருத்துவார்கள். கிகாபிட் போர்ட் உள்ள கணினி தானாகவே அதைப் புரிந்து மாற்றிக்கொள்ளும். இரண்டில் ஒன்று கிகாபிட்டாக இருந்தாலே நேர் கேபிள் வேலை செய்யும்.

இப்போது வரும் ஒல்லி லேப்டாப்புகள் பலவற்றில் லேன் போர்ட்டே இருப்பதில்லை. அதற்கு 'யூஎஸ்பி டு லேன்' அடாப்டர் ஒன்று வாங்க வேண்டியிருக்கும். கடையில் 'யூஎஸ்பி 3.0, கிகாபிட்' என்று இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். யூஎஸ்பி 2.0 மட்டும் உள்ள மலிவான அடாப்டர்களில் பல 100 எம்பிபிஎஸ்தான். அதில் நொடிக்குப் பதினொன்று, பன்னிரண்டு எம்பிக்கு மேல் போகாது. முக்கால் மணி நேர வேலை ஏழரை மணி நேரமாக நீளும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இரு முனையிலும் ஒரே மாதிரி தட்டையான யூஎஸ்பி தலை உள்ள கேபிளை இரண்டு கணினிகளிலும் செருகக் கூடாது. இரண்டுமே 5 வோல்ட் மின்சாரம் கொடுக்கும் பக்கம். கோப்பும் போகாது, போர்ட்டும் கெட்டுப்போகலாம். கணினிகளை யூஎஸ்பியால் இணைக்கவென்றே நடுவில் சிப் வைத்த தனிக் கேபிள்கள் உண்டு, அவை வேறு.

வீட்டு ரூட்டரில் இரண்டு லேன் போர்ட் காலியாக இருந்தால் இரண்டையும் அதிலேயே செருகலாம். அப்போது, கணினிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் எண்ணான ஐபி முகவரியைக் கையால் போடும் வேலை (கீழே வருகிறது) தேவைப்படாது. ரூட்டரே முகவரி கொடுத்துவிடும். ஆனால் மலிவான ரூட்டர்களில் 100 எம்பிபிஎஸ் போர்ட்டுகள் இருக்கும், அங்கே நேர் கேபிள்தான் வேகம்.

கேபிளைச் செருகுவதற்கு முன்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். கோப்பு தொலைவதெல்லாம் பெரும்பாலும் இங்கே விட்டதால்தான்.

முதலில் எது எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ், அப்புறம் டி டிரைவ், ஈ டிரைவ். 'புரோகிராம் ஃபைல்ஸ்', 'விண்டோஸ்' ஃபோல்டர்களை எடுக்க வேண்டாம். மென்பொருளைக் காப்பி செய்து கொண்டுபோனால் அது ஓடாது, புதிதாக நிறுவத்தான் வேண்டும்.

அடுத்து ஒன்டிரைவ், மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பு வசதி. பழைய கணினியில் ஒன்டிரைவ் இயங்கினால், சில கோப்புகளின் பக்கத்தில் சின்ன மேகப் படம் தெரியும். அந்தக் கோப்பு உண்மையில் அங்கே இல்லை, இணையத்தில் இருக்கிறது, பெயர் மட்டும்தான் தெரிகிறது என்று அதற்குப் பொருள். கேபிள் வழியாக எடுக்கப்போனால் பிழை காட்டும். அந்த ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' என்பதைத் தேர்ந்து, எல்லாம் இறங்கும்வரை காத்திருங்கள்.

தமிழில் பல வருடமாகத் தட்டச்சு செய்துவருபவர்கள் வீட்டில் இன்னொன்றும் உண்டு, எழுத்துருக்கள். யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினியிலோ வானவில்லிலோ அடித்த கடிதங்களும் கதைகளும் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பாமினியில் புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியாக நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனம் பதைத்துவிட்டது. கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, எழுத்துரு மட்டும்தான் இல்லை. எனவே கன்ட்ரோல் பேனலில் 'ஃபான்ட்ஸ்' திறந்து, தமிழ் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் தேர்ந்து காப்பி செய்து, டாக்குமென்ட்ஸில் 'எழுத்துரு' என்று ஒரு ஃபோல்டர் போட்டு ஒட்டிவையுங்கள். மற்ற கோப்புகளோடு அதுவும் வந்துவிடும். புதிய கணினியில் ஒவ்வொன்றையும் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்டால்' கொடுத்தால் பழைய கடிதங்கள் பழையபடி படிக்கக் கிடைக்கும்.

கடைசியாக, இரண்டு கணினிகளிலும் பவர் செட்டிங்ஸில் 'ஸ்லீப்' என்பதை 'நெவர்' ஆக்குங்கள். லேப்டாப்பில் சார்ஜர் செருகியிருக்கட்டும். டெஸ்க்டாப்புக்கு யூபிஎஸ் இல்லையென்றால், அடிக்கடி கரண்ட் போகும் நேரத்தில் தொடங்க வேண்டாம்.

கேபிளும் முகவரியும்

கேபிளை இரு பக்கமும் செருகுங்கள். 'டிக்' என்று பூட்டும் சத்தம் கேட்க வேண்டும். போர்ட்டில் விளக்கு இருந்தால் எரியும்.

இப்போது இரண்டுக்கும் நடுவில் முகவரி கொடுக்க யாரும் இல்லை. ஒரு நிமிடம் போல விட்டுவைத்தால் விண்டோஸ் தானே 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றை எடுத்துக்கொள்ளும், அதை வைத்தும் வேலையை முடிக்கலாம். ஆனால் அந்த எண் நீளமானது, எப்படி வரும் என்றும் சொல்ல முடியாது. நாமே கொடுத்துவிடுவது சுலபம் என்பது என் அனுபவம். இரண்டு கணினிகளிலும் இதைச் செய்யுங்கள்:

1. கன்ட்ரோல் பேனல், 'நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர்', இடப்பக்கம் 'சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ்'.
2. 'ஈதர்நெட்' என்பதில் ரைட் கிளிக், 'பிராப்பர்ட்டீஸ்'.
3. பட்டியலில் 'இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4' மேல் இரண்டு முறை கிளிக்.
4. 'யூஸ் த ஃபாலோயிங் ஐபி அட்ரஸ்' தேர்ந்து, பழைய கணினியில் 192.168.50.1 என்றும் புதியதில் 192.168.50.2 என்றும் அடியுங்கள். இரண்டிலும் 'சப்நெட் மாஸ்க்' 255.255.255.0.
5. 'டீஃபால்ட் கேட்வே', 'டிஎன்எஸ்' இரண்டையும் காலியாக விட்டு ஓகே கொடுங்கள்.

மூன்றாவது எண்ணாக 50 போட்டதற்குக் காரணம் உண்டு. வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 என்ற வரிசையைப் பயன்படுத்தும். அதோடு மோதாமல் இருக்கத்தான் தள்ளி ஓர் எண்.

அதே 'ஈதர்நெட்' மேல் இரண்டு முறை கிளிக் செய்தால் வேகம் தெரியும். 1.0 ஜிபிபிஎஸ் என்றிருந்தால் நல்லது. இரண்டு கணினியும் கிகாபிட் என்று தெரிந்தும் 100 எம்பிபிஎஸ் காட்டினால் கேபிளைச் சந்தேகியுங்கள். 100-க்கு நான்கு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தால் கேபிள் வேலை செய்வதுபோலவே தெரியும், வேகம் மட்டும் பத்தில் ஒன்றாக விழுந்துவிடும்.

எந்தப் பக்கம் திறப்பது?

இரண்டு வழி இருக்கிறது. புதியதில் ஒரு ஃபோல்டரைத் திறந்துவைத்து, பழையதிலிருந்து தள்ளலாம். அல்லது பழையதைத் திறந்துவைத்து, புதியதிலிருந்து இழுத்துக்கொள்ளலாம். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் சொல்வேன். அதிலும் 'படிக்க மட்டும்' அனுமதி கொடுத்துத் திறக்கச் சொல்வேன்.

அக்கா வீட்டுக் கணினியை மாற்றியபோது காப்பி செய்யாமல் கட் செய்து ஒட்டினேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. அவள் கல்யாண ஆல்பத்தில் பாதி பழையதிலும் மீதி புதியதிலுமாகப் பிரிந்து கிடந்தது. அந்த நொடியில் போய்க்கொண்டிருந்த வீடியோ புதியதில் அரைகுறையாக நின்றது. பழையதில் அது இன்னும் அழியாமல் இருந்ததால் தப்பியது. எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்து முடிக்க இரண்டு நாள் பிடித்தது. படிக்க மட்டும் அனுமதி இருந்திருந்தால், கை தவறிக் கட் கொடுத்தாலும் பழைய கணினியில் ஒரு கோப்புகூட நகர்ந்திருக்காது.

சரி, பழைய கணினியில் செய்ய வேண்டியவை இவை.

முதலில் இதற்கென்று ஒரு தனிக் கணக்கு. செட்டிங்ஸ், 'அக்கவுன்ட்ஸ்', 'ஃபேமிலி அண்ட் அதர் யூசர்ஸ்', 'ஆட் சம்ஒன் எல்ஸ் டு திஸ் பிசி' என்று போங்கள். மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் 'ஐ டோன்ட் ஹேவ் திஸ் பர்சன்ஸ் சைன்-இன் இன்ஃபர்மேஷன்' என்பதையும் அதற்கடுத்து 'ஆட் எ யூசர் விதவுட் எ மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்' என்பதையும் தேர்ந்துகொள்ளுங்கள். ஆங்கிலத்தில் சின்னதாக ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. பாஸ்வேர்டைக் காலியாக விடக் கூடாது. பாஸ்வேர்டு இல்லாத கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது. நீங்கள் தினமும் அடிக்கும் நான்கு இலக்கப் பின் எண்ணும் இங்கே செல்லாது. பாஸ்வேர்டு கேட்காமல் ஷேர் செய்யும் வசதி ஒன்று செட்டிங்ஸில் இருக்கிறதே என்று தோன்றலாம். விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகள் அப்படிப்பட்ட இணைப்பை மறுத்துவிடுகின்றன. அதோடு மல்லுக்கட்டுவதைவிட இரண்டு நிமிடத்தில் கணக்கு உருவாக்கிவிடலாம்.

இரண்டாவது, ஷேரிங்கை இயக்குவது. நாம் போட்ட கேபிளை விண்டோஸ் 'அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க்' என்று சொல்லி, பொது இடத்து நெட்வொர்க்காக நடத்தும். பொது இடத்தில் ஷேரிங் மூடியிருக்கும். 'நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டரில்' 'சேஞ்ச் அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்' போய், 'கெஸ்ட் ஆர் பப்ளிக்' பகுதியில் 'ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங்' என்பதை ஆன் செய்து சேமியுங்கள். இது தற்காலிகம் என்பதால், வேலை முடியும்வரை இந்தக் கணினியின் வைஃபையை அணைத்துவையுங்கள். புதிய லேப்டாப்பில் இப்படி எதையும் திறக்க வேண்டியதில்லை, அது கேட்டு வாங்கும் பக்கம்தானே.

மூன்றாவது, ஃபோல்டரை ஷேர் செய்வது. எடுக்க வேண்டிய ஃபோல்டரில் ரைட் கிளிக், 'பிராப்பர்ட்டீஸ்', 'ஷேரிங்' தாவல், 'ஷேர்' பொத்தான். வரும் பெட்டியில் சற்றுமுன் உருவாக்கிய பெயரைத் தேர்ந்து 'ஆட்' கொடுங்கள். பக்கத்தில் 'ரீட்' என்று இருக்கும், அதை அப்படியே விட்டுவிடுங்கள். கீழே 'ஷேர்'. நிறையக் கோப்புகள் இருந்தால் அனுமதி போட்டு முடிக்கச் சில நிமிடம் ஆகும்.

டி டிரைவ் முழுவதும் வேண்டுமென்றால் அதற்கு இந்தப் பொத்தான் மங்கலாக இருக்கும், அழுத்த முடியாது. பக்கத்திலேயே உள்ள 'அட்வான்ஸ்டு ஷேரிங்' போய் 'ஷேர் திஸ் ஃபோல்டர்' டிக் செய்யுங்கள். அங்கேயும் தொடக்கத்தில் படிக்கும் அனுமதி மட்டும்தான் இருக்கும்.

இழுத்துக்கொள்வது

புதிய லேப்டாப்பில் ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, மேலே முகவரிக் கட்டத்தில் \\192.168.50.1 என்று அடித்து என்டர் தட்டுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். பழைய கணினியில் உருவாக்கியதைக் கொடுங்கள். புதிய லேப்டாப்பின் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுத் திணறுவது பலருக்கும் நடப்பது.

ஷேர் செய்த ஃபோல்டர்கள் தெரியும். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவை நேராகத் தெரியாமல் 'யூசர்ஸ்' என்ற ஃபோல்டருக்குள், உங்கள் பழைய கணக்கின் பெயருக்குள் இருக்கலாம். வேண்டியதைத் தேர்ந்து, காப்பி செய்து, புதியதில் வேண்டிய இடத்தில் ஒட்டுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். முதலில் சின்ன ஃபோல்டர் ஒன்றை எடுத்து, கோப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, முடிந்ததைத் தாளில் அடித்துக்கொண்டே வாருங்கள். பெரிய வீடியோக்கள் போகும்போது வேகம் நிலையாக இருக்கும். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் வரும்போது நொடிக்கு ஐந்து, பத்து எம்பியாக விழும். பழுது என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கோப்பையும் தேடித் திறந்து மூடவே டிஸ்க்குக்கு நேரம் போகிறது.

நடுவில் நின்றுவிட்டால் அதே ஃபோல்டரை மறுபடி காப்பி செய்யுங்கள். ஒரே பெயரில் கோப்பு இருக்கிறது என்று கேட்கும்போது, இரண்டின் விவரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழி அந்தப் பெட்டியிலேயே உண்டு. கடைசியாக வந்துகொண்டிருந்த கோப்பை மட்டும் மாற்றி எழுதச் சொல்லி, மற்றவற்றுக்கு 'ஸ்கிப்' கொடுங்கள்.

இணைப்பு கிடைக்கவில்லையென்றால்

அடித்த எண்கள் சரியா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் 50.1 என்றே போட்டுவிடுவது சாதாரணமாக நடக்கும். அடுத்து, பழைய கணினியில் வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் அதற்கென்று தனி ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் இணைப்பைத் தடுக்கும் காவல்) இருக்கும். விண்டோஸில் திறந்தது அதில் மூடியே இருக்கலாம், அதிலும் அனுமதி கொடுங்கள். பெயரும் பாஸ்வேர்டும் சரியாக இருந்தும் ஏற்கவில்லையென்றால், பெயருக்கு முன் பழைய கணினியின் பெயரையும் ஒரு பின்சாய்வுக் கோட்டையும் (\) சேர்த்து அடியுங்கள். கணினியின் பெயர் செட்டிங்ஸில் 'சிஸ்டம்', 'அபவுட்' பக்கத்தில் இருக்கும்.

பழையதில் விண்டோஸ் 7 இருந்தாலும் இதே முறைதான், திரைகள் மட்டும் கொஞ்சம் மாறும். எக்ஸ்பி என்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள். எக்ஸ்பிக்குத் தெரிந்தது கோப்புகளைப் பகிரும் எஸ்எம்பி 1 என்ற பழைய முறை மட்டும்தான். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிய வானாக்ரை என்ற தீய மென்பொருள் அந்த முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அந்த ஆண்டின் பிற்பகுதியிலிருந்து விண்டோஸ் அதைத் தானாக நிறுவுவதை நிறுத்திவிட்டது. திரும்ப இயக்கச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்ற வேண்டாம். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி எடுப்பது பாதுகாப்பானது.

சரிபார்த்து மூடுவது

ஒவ்வொரு பெரிய ஃபோல்டரிலும் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' பாருங்கள். எத்தனை கோப்பு, எத்தனை ஃபோல்டர், மொத்த 'சைஸ்' எவ்வளவு என்று இரண்டு கணினிகளிலும் ஒப்பிடுங்கள். 'சைஸ் ஆன் டிஸ்க்' மாறியிருந்தால் கவலை இல்லை, அது டிஸ்க்கைப் பொறுத்தது. மறைந்திருக்கும் சிறு கோப்புகளால் எண்ணிக்கையில் ஒன்றிரண்டு வித்தியாசம் வரலாம். நூற்றுக்கணக்கில் குறைந்தால் எதோ விட்டுப்போயிருக்கிறது. அங்கங்கே பத்துப் படம், இரண்டு வீடியோ, ஒரு பழைய கடிதம் திறந்து பாருங்கள்.

பிறகு பழைய கணினியில் பொது ஷேரிங்கை ஆஃப் செய்து, தற்காலிகக் கணக்கை நீக்குங்கள். இரண்டு கணினிகளிலும் ஸ்லீப்பைப் பழையபடி வையுங்கள். ஐபி முகவரி போட்ட அதே இடத்துக்குப் போய், 'அப்டெய்ன் அன் ஐபி அட்ரஸ் ஆட்டோமேட்டிக்கலி' என்பதற்கு மாற்றுங்கள். இதை மறந்தால், ஆறு மாதம் கழித்து அந்த லேப்டாப்பில் ரூட்டர் கேபிளைச் செருகும்போது நெட் வராது, காரணமும் நினைவுக்கு வராது.

பழைய டிஸ்க்கை உடனே ஃபார்மட் செய்யாதீர்கள். ஒரு மாதம் அப்படியே இருக்கட்டும். வரிக் கணக்குக்கோ பள்ளி விண்ணப்பத்துக்கோ எதையாவது தேடும்போதுதான், தாளில் எழுதாமல் விட்ட ஃபோல்டர் ஒன்று நினைவுக்கு வரும். அந்த ஒரு மாதத்துக்குக் கேபிளையும் டெஸ்க்டாப்பின் மேலேயே சுருட்டி வைத்திருங்கள்.